விருந்துக்குச் சுட்ட காய்கறி ஸ்டார்ட்டர்: எந்த வடிவம், எந்தக் காய், எந்த அடுப்பு?

பண்டிகை விருந்தில் முதலில் மேசைக்கு வரும் சிறுதீனியாகச் சுட்ட காய்கறியை வைக்கலாம் என்று முடிவு செய்தவர்கள், பெரும்பாலும் அடுத்த நொடியே எந்த மசாலா, எந்த சாஸ் என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பாகவே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஓவனிலிருந்து வெளியே வந்த துண்டு விருந்தினர் ஒருவருடைய வாய்க்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் அது. வார நாளின் இரவு உணவில் அந்த இடைவெளி ஐந்து நிமிடம். விருந்து நாளில் அது நாற்பது நிமிடமாகவும் ஒரு மணி நேரமாகவும் நீளும். சிலர் முன்னதாக வருவார்கள், சிலர் தாமதமாக வருவார்கள், வந்தவர்கள் பேச்சில் மூழ்குவார்கள், சமைத்தவர் அடுத்த உணவைக் கவனிக்கப் போய்விடுவார். ஆகவே இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு தெரிவையும் ஒரே அளவுகோலால் பார்க்கிறேன்: ஆறிய பிறகு அது எப்படி இருக்கும்?

வீட்டு விருந்துக்கு நடைமுறையில் ஐந்து வடிவங்கள் இருக்கின்றன. பல்குச்சியால் எடுத்துத் தொட்டுக்கொள்ளும் தனித்துண்டுகள், மூங்கில் குச்சியில் வரிசையாகக் கோத்தவை, மொறுமொறுப்பான ரொட்டித் துண்டின் மேல் ஏற்றியவை, காளான் குடை அல்லது சிறு குடைமிளகாய்க்குள் அடைத்தவை, சுட்ட காயை மசித்துச் செய்யும் டிப் ஆகியவையே அவை. இவற்றை எடை போடுவதற்கு முன் சூடு காய்க்கு என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் வடிவத்தைப் பற்றிய முடிவு அங்கேயே பாதி ஆகிவிடுகிறது.

சுட்ட காயின் ருசி அதன் பழுப்பு ஓரத்தில் இருக்கிறது. காயிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. இதை 1912இல் விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீ மையாரின் பெயரால் மையார் வினை என்று இது அழைக்கப்படுகிறது. காயின் மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் இந்த வினை சுறுசுறுப்படைகிறது. ஆனால் மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அதன் வெப்பநிலை 100 டிகிரிக்கு அருகிலேயே நின்றுவிடும். எனவே காயைச் சுடுவதில் முதல் வேலை அதன் மேற்பரப்பை உலர்த்துவது, இரண்டாவது வேலைதான் பழுப்பாக்குவது. கழுவிய காயைத் துணியால் ஒற்றாமல் தட்டில் போடுவதும், துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்குவதும், அவசரத்தில் 170 டிகிரியிலேயே சுடுவதும் ஒரே தவறின் மூன்று முகங்கள். மூன்றிலும் காய் தன் நீராவியிலேயே வேகிறது. 210 முதல் 220 டிகிரி வரை சூடேற்றிய ஓவன், துண்டுகளுக்கிடையே ஒரு விரல் இடைவெளி, அரைக்கிலோ காய்க்கு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் என்பது பெரும்பாலான காய்களுக்குப் பொருந்தும் தொடக்கம்.

இப்போது காய்களுக்கு வருகிறேன். இங்குதான் பலரும் உருளைக்கிழங்கில் ஏமாறுகிறார்கள். சுட்டவுடன் அதற்கு இணையான ருசி வேறெதிலும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் எடையில் கணிசமான பகுதி மாவுச்சத்து; வெந்தபோது நெகிழ்ந்த மாவுச்சத்து மூலக்கூறுகள் ஆறும்போது மறுபடியும் வரிசையாகச் சேர்ந்து இறுகிக்கொள்கின்றன. கூடவே உள்ளிருக்கும் ஈரம் வெளிப்புற மொறுமொறுப்புக்குள் ஊறுகிறது. அதனால் அரைமணி நேரத்தில் ஓரம் தோல்போலவும் நடு மாவாகவும் மாறிவிடுகிறது. இதற்கு மாறாக, கேரட்டிலும் பீட்ரூட்டிலும் மாவுச்சத்து மிகக் குறைவு, இனிப்போ சர்க்கரையாகவே இருக்கிறது. ஆறினாலும் இறுகுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. விரல் நீளத்துக்கு வெட்டி 30 நிமிடம் சுட்ட கேரட் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய சுட்டபோது இருந்த அதே பக்குவத்தில் இருக்கும். மேசையில் அழகாகவும் தெரியும், குறிப்பாகத் தலைப்பக்கக் காம்பைச் சிறிது விட்டுவைத்தால்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதிலுள்ள நொதி ஒன்று ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி வரையிலான சூட்டில் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. முழுக்கிழங்கு மெதுவாகச் சூடேறும்போது அந்த நொதிக்கு நிறைய நேரம் கிடைக்கிறது. சிறு சதுரங்களாக வெட்டி நேராக 220 டிகிரியில் போட்டால் அந்தக் கட்டம் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. ஆகவே இனிப்புதான் வேண்டுமென்றால் பெரிய துண்டுகளாக வெட்டிச் சூடேறாத ஓவனில் வைத்துத் தொடங்குவதும், பழுப்பு ஓரம் வேண்டுமென்றால் சிறு துண்டுகளைச் சூடான ஓவனில் வைப்பதும் சரி. எப்படிச் செய்தாலும் அது நீண்ட நேரம் மொறுமொறுவென்று நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காலிஃபிளவருக்கு என் ஓட்டு வெளிப்படையானது. எடையில் சுமார் 92 சதவீதம் நீர் என்றாலும், அதன் கிளைத்த உருவம் நீராவி வெளியேறப் பல வழிகளைத் தருகிறது, பழுப்பாவதற்குப் பல முனைகளையும் தருகிறது. பூவைத் தனித்தனியாக ஒடிக்காமல் கத்தியால் இரண்டாகப் பிளந்து, தட்டையான வெட்டுமுகம் தட்டில் படும்படி வைத்தால் 25 நிமிடத்தில் அந்த முகம் பாதாம் தோலின் நிறத்துக்கு வந்துவிடும். ஆறும்போது முனைகள் சற்றுத் தளரும், ருசி குறையாது. ஒரே எச்சரிக்கை: வெந்ததை மூடிய பாத்திரத்தில் வைக்காதீர்கள், திறக்கும்போது கந்தக வாடை முதலில் வந்து நிற்கும்.

குடைமிளகாயும் கத்தரிக்காயும் வேறொரு வகை. இவற்றில் மொறுமொறுப்பைத் தேடுவதே தவறு. வழவழப்புதான் இவற்றின் குணம். குடைமிளகாயை முழுதாக வைத்துத் தோல் கருகும்வரை 35 நிமிடம் சுட்டு, மூடிய கிண்ணத்தில் கால் மணி நேரம் வைத்தால் நீராவியே தோலைத் தளர்த்திவிடும். உரித்த சதையை உப்பும் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். முதல்நாளே வேலையை முடித்துவிட நினைப்பவருக்கு இதைவிடப் பணிவான காய் கிடையாது. கத்தரிக்காய் பஞ்சுபோல எண்ணெயை உறிஞ்சும் என்பதால், வெட்டிய துண்டுகளில் உப்பிட்டு அரைமணி நேரம் வைத்துப் பிழிந்தால் அதன் காற்றறைகள் சுருங்கி எண்ணெய்ச் செலவு குறையும். வெள்ளரிக்காய் போலத் தோன்றும் சுக்கினியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை: 95 சதவீதம் நீர் கொண்ட அதை விருந்துத் தட்டில் வைத்தால், அரைமணி நேரத்தில் தட்டில் ஒரு சிறு குட்டை இருக்கும்.

அடுப்பு எது என்பதில் மூன்று வழிகள் உண்டு. ஓவன் மெதுவானது, ஆனால் ஒரே முறையில் இரண்டு தட்டுகளை ஏற்கும். பாதி நேரத்தில் மேல் தட்டையும் கீழ் தட்டையும் இடம் மாற்றிவிட்டால் போதும். விசிறி உள்ள ஓவனில் சூட்டை 20 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். ஏர் ஃப்ரையர் என்பது விசிறி வேகம் கூடிய சிறிய ஓவன்தான். சிறிய அறையில் வேகமாகச் சுழலும் சூடான காற்று காயின் மேற்பரப்பை விரைவில் உலர்த்துவதால், ஓவனில் 25 நிமிடம் எடுக்கும் காலிஃபிளவர் இதில் 12 முதல் 15 நிமிடத்தில் முடிகிறது. நான்கு பேருக்கு என்றால் யோசிக்காமல் இதையே சொல்வேன். பன்னிரண்டு பேருக்கு என்றால் கூடையை நான்கு முறை நிரப்ப வேண்டிவரும். கடைசி முறை வெளியே வரும்போது முதல் முறை போட்டது ஆறிப்போயிருக்கும், நீங்களும் சமையலறையை விட்டு நகர்ந்திருக்க மாட்டீர்கள். கூடையை முட்ட நிரப்பி நேரத்தைச் சேமிக்க நினைப்பவர்கள் வேகவைத்த காலிஃபிளவரைத்தான் பரிமாறுவார்கள். கனமான இரும்பு வாணலி மூன்றாவது வழி. மற்ற இரண்டையும்விட ஆழமான பழுப்பை அது தரும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு முகத்தைத்தான் சுடும், புகையும் எழும். முக்கிய உணவுக்காக ஓவன் முழுநேரமும் பிடிபட்டிருக்கும் நாளில் மட்டும் அது கைகொடுக்கும்.

ஓவன் பிடிபட்டிருப்பது விருந்து நாளின் விதி என்றே சொல்லலாம். முக்கிய உணவு 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் வேகும்போது, 220 டிகிரி கேட்கும் காயை அதோடு சேர்த்து வைக்க முடியாது. இரண்டுக்கும் நடுவான ஒரு சூட்டில் வைத்தால் இரண்டும் கெடும். காலையிலேயே காயைச் சுட்டுவிட்டு, பரிமாறுவதற்குச் சற்று முன் முக்கிய உணவு ஓவனை விட்டு வெளியே வந்து இளைப்பாறும் அந்தக் கால் மணி நேரத்தில் 200 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் திரும்பச் சூடேற்றுவதுதான் நான் கண்ட நடைமுறைத் தீர்வு. காலிஃபிளவரும் கேரட்டும் இதைத் தாங்கும்.

வடிவங்களில் முதலில் குச்சியில் கோத்ததை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அவமானப்பட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூடுகைக்காகக் குடைமிளகாய், காளான், சிறிய உருளைக்கிழங்கு மூன்றையும் வண்ணம் பார்த்து மாற்றி மாற்றிக் கோத்து ஓவனில் வைத்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் காளான் சுருங்கிக் குச்சியில் சுழன்றது, குடைமிளகாய் தளர்ந்தது, உருளைக்கிழங்கு பல்லில் கடகடத்தது. ஒரே குச்சியில் இருப்பவை ஒரே நேரத்தில் வேக வேண்டும் என்ற எளிய கணக்கை நான் போடவில்லை. குச்சி வடிவம் கண்ணுக்கு இனியது, கையில் பிடிக்க வசதியானது. ஆனால் ஒன்றையொன்று நெருக்கிக் கோக்கும்போது தொடும் முகங்கள் பழுப்பாவதே இல்லை. தனித்தனியாகச் சுட்டு, ஆறியபின் சிறு குச்சியில் இரண்டு மூன்றாகக் கோப்பது இந்தக் குறையைத் தீர்க்கும். நேரடி நெருப்பில் வாட்டுவதாக இருந்தால் மட்டும் மூங்கில் குச்சியை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்துக்கொள்ளுங்கள்.

ரொட்டித் துண்டின் மேல் ஏற்றுவது ஐந்தில் மிகவும் நேர்த்தியானது, மிகக் குறைந்த ஆயுள் கொண்டதும் அதுதான். சுட்ட காயின் ஈரம் ரொட்டிக்குள் இறங்கக் கால் மணி நேரம் போதும். மெல்லிய துண்டுகளை 180 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் முழுமையாக உலர்த்தி, காய்க்கும் ரொட்டிக்கும் நடுவில் நீர் வடித்த கெட்டித் தயிரையோ மென்மையான பாலாடைக்கட்டியையோ தடவினால் அந்தக் கொழுப்புப் படலம் சற்று நேரம் ஈரத்தைத் தடுக்கும். இருந்தாலும் பரிமாறுவதற்குச் சற்று முன்தான் அடுக்க வேண்டும் என்பதால், உதவிக்கு இன்னொரு ஜோடிக் கை இருக்கும் வீட்டுக்கே இது ஏற்றது. தனியாகச் சமைப்பவர் ரொட்டியை ஒரு பக்கமும் காயை ஒரு பக்கமும் வைத்துவிட்டு விருந்தினரையே அடுக்கிக்கொள்ளச் சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை, அவர்களுக்கும் கைக்கு ஒரு வேலை கிடைக்கும்.

அடைத்த காளான் இதற்கு நேர் எதிரானது. காளானின் செல்சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. மற்றக் காய்களின் பெக்டினைப் போல அது சூட்டில் கரைவதில்லை. அதனால் பத்து நிமிடம் கூடுதலாகச் சுட்டாலும் காளான் குழைவதில்லை, மறுபடி சூடேற்றினாலும் கலங்குவதில்லை. அது விடும் நீர்தான் சிக்கல். குடையின் குழி மேல்நோக்கி இருக்கும்படி வைத்து முதலிலேயே அடைத்துவிட்டால் அந்த நீர் முழுவதும் குழியில் தேங்கி உள்ளீட்டைக் கூழாக்கிவிடும். முதலில் வெறும் குடைகளைக் குழி கீழ்நோக்கி இருக்கும்படி பத்து நிமிடம் சுட்டு, வடிந்த நீரைக் கொட்டிவிட்டு, பிறகு ரொட்டித்தூள், பூண்டு, மூலிகை, நறுக்கிய கொட்டைகள் ஆகியவற்றை அடைத்து இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுட வேண்டும். உழைப்பு அதிகம், ஆனால் அடைத்த நிலையிலேயே முதல்நாள் இரவு குளிர்பெட்டியில் வைத்துவிடலாம் என்பதால் அந்த உழைப்பை விருந்து நாளிலிருந்து வெளியே தள்ள முடிகிறது. சூடாகச் சாப்பிட்டால்தான் இது சிறக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மசித்த டிப் ஆறினால் கெடுவதில்லை, ஆறியே ஆக வேண்டும். சுட்ட கத்தரிக்காய், குடைமிளகாய், கேரட், பீட்ரூட் ஆகிய எதையும் எள் விழுதோடும் எலுமிச்சைச் சாறோடும் அரைத்தால், இரண்டு நாள் முன்பே செய்துவைக்கக்கூடிய ஒரே வடிவம் கிடைத்துவிடுகிறது. பழுப்பு ஓரத்தின் கடிபடும் சுகம் போய்விடுவது இதன் இழப்பு. அதை ஈடுகட்ட, சுட்ட துண்டுகளில் ஒரு கைப்பிடியை அரைக்காமல் மேலே தூவுங்கள். பாதுகாப்பு விஷயத்தில் இங்கு இரண்டு மடங்கு கவனம் வேண்டும். 1994இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில், அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்குகளை அந்தத் தாளோடே அறை வெப்பநிலையில் வைத்திருந்து, பிறகு அவற்றைக் கொண்டு செய்த டிப்பைச் சாப்பிட்டதால் 30 பேருக்குப் பாட்டுலிசம் என்ற நச்சுநோய் ஏற்பட்டது. இந்த நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் சுடும் சூட்டைத் தாங்கும். காற்றுப் புகாத தாளுக்குள் ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்தபோது அவை முளைத்து நஞ்சைச் சுரந்தன. பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியில் வைப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. தாளில் சுற்றிச் சுட்டதை உடனே பிரித்துவிடுங்கள், மசித்ததை ஆறியவுடன் குளிர்பெட்டியில் வையுங்கள், எந்த வடிவமானாலும் மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். அறை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே கணக்கு.

கடைசியாக, பல்குச்சியோடு வைக்கும் தனித்துண்டுகள். இவற்றைப் பார்த்து யாரும் வியக்கப்போவதில்லை, ஆனால் சமைப்பவருக்கு இவை தரும் சுதந்திரத்தை வேறெதுவும் தராது. ஒவ்வொரு காயையும் அதற்குரிய நேரம் சுடலாம், ஒன்று கருகினால் அதை மட்டும் விலக்கலாம், தட்டு காலியானால் இரண்டாம் தவணையைக் கொண்டுவரலாம். காலிஃபிளவரும் கேரட்டும் உரித்த குடைமிளகாயும் மூன்று நிறத்தில் மூன்று வரிசையாக, நடுவில் ஒரு கிண்ணம் டிப் இருந்தால், பண்டிகைக் களை தானாக வந்துவிடும்.

ஆறிய உணவுக்கென்று சில திருத்தங்கள் தேவைப்படுகின்றன. சூடு குறையும்போது இனிப்பும் மணமும் மங்கித் தெரிவதால், பரிமாறும் முன் இன்னொரு சிட்டிகை உப்பும் புளிப்பும் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே ருசி பார்த்துச் சரிசெய்த அளவு ஆறியபின் போதாது. வெண்ணெயில் சுட்டது ஆறினால் மெழுகுபோல நாக்கில் ஒட்டும் என்பதால், அறை வெப்பநிலையிலும் திரவமாக நிற்கும் எண்ணெயே சரி. நறுக்கிய பூண்டையும் தேனையும் தொடக்கத்திலேயே சேர்த்தால் காய் வேகுமுன் இவை கருகிக் கசக்கும். கடைசி ஐந்து நிமிடம்தான் அவற்றுக்கு உரியது. பச்சை மூலிகைகளை ஓவனுக்குள் விடவே வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, பின்னால் முழு உணவு வரப்போகிறது என்றால் தலைக்கு ஐந்து துண்டுகள் போதும், சிறுதீனி மட்டுமே விருந்து என்றால் பத்துக்குக் குறையக் கூடாது. சுடும்போது நீர் போவதால் காய் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை குறையும் என்பதை வாங்கும்போதே நினைவில் கொள்ளுங்கள். வீட்டு ஓவனின் ஒரு தட்டு இடைவெளியோடு முக்கால் கிலோவுக்கு மேல் கொள்ளாது. ஒன்றரைக் கிலோ என்றால் இரண்டு தட்டு, அதற்கு மேல் என்றால் இரண்டு தவணை.

ஆகவே என் தேர்வு இப்படி அமைகிறது. எட்டுப் பேருக்கு மேல் வருகிறார்கள், நீங்கள் தனியாகச் சமைக்கிறீர்கள் என்றால், முதல்நாள் செய்த குடைமிளகாய் அல்லது பீட்ரூட் டிப்பும், அன்று காலை சுட்ட காலிஃபிளவர், கேரட் துண்டுகளும். விருந்தினர் நான்கைந்து பேர்தான், அவர்கள் நேரத்துக்கு வருபவர்கள் என்றால், ஏர் ஃப்ரையரில் சூடாக எடுத்த உருளைக்கிழங்கையே வையுங்கள். அதன் குறையெல்லாம் ஆறும்போதுதானே தெரிகிறது, அவர்கள் ஆறவிட மாட்டார்கள். சமையலறையில் துணை இருந்தால் ரொட்டித் துண்டு, முதல்நாள் மாலை முழுவதும் கையில் இருந்தால் அடைத்த காளான். கோத்த குச்சிகளைத் திறந்தவெளி நெருப்பு இருக்கும் நாளுக்கு ஒதுக்கிவிடலாம். அப்போதும் ஒரு குச்சிக்கு ஒரே காய்.